சென்டர் போல்ட் ஏன் திரும்பத் திரும்ப அறுகிறது?

லாரி ஓட்டுநர்களிடம் "சென்டர் போல்ட் கட்" என்று சொன்னால் போதும், மேலே விளக்கம் கேட்க மாட்டார்கள். பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளை நடுவில் கோத்து நிற்கும் ஒற்றை போல்ட் அது. அறுந்துவிட்டால் ஆக்ஸில் ஒரு பக்கம் நகர்ந்துபோகும். வண்டி நேராக ஓடினாலும் பின்னால் வருபவர் கண்ணுக்குக் கோணலாகத் தெரியும். பட்டறைக்குப் போவார்கள், புது சென்டர் போல்ட் போடுவார்கள், சில நாளில் அதுவும் அறுந்துவிடும். "இப்போ வர்ற போல்ட்டே மட்டம்" என்ற புலம்பலை நெடுஞ்சாலைப் பட்டறைகளில் அடிக்கடி கேட்கலாம்.

பெரும்பாலான நேரங்களில் போல்ட்டின் மேல் குற்றமில்லை. ஸ்பிரிங் பட்டைகளை ஆக்ஸிலோடு சேர்த்து இறுக்கிப் பிடிப்பது 'U' வடிவில் வளைந்த யூ போல்ட்டுகள்தான். அவை சரியாக இறுகியிருந்தால் பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் இடையே உள்ள உராய்வே எல்லா இழுவையையும் தாங்கிக்கொள்ளும். சென்டர் போல்ட்டின் வேலை, மாட்டும்போது பட்டைகளை ஒழுங்காக அடுக்கி வைப்பதும், ஆக்ஸில் உட்கார வேண்டிய இடத்தைக் காட்டுவதும் மட்டுமே. யூ போல்ட் தளர்ந்ததும் உராய்வு போய்விடுகிறது. பிரேக் அடிக்கும்போதும் பள்ளத்தில் இறங்கும்போதும் வரும் மொத்த விசையும் அந்த ஒற்றை போல்ட்டின் கழுத்தில் குறுக்கே விழுகிறது. அது தாங்காது. தாங்கும்படி அதை யாரும் செய்யவுமில்லை.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. பழைய காரின் சஸ்பென்ஷனில், அதாவது சக்கரங்களை உடலோடு இணைத்துக் குலுங்கலைத் தாங்கும் அமைப்பில், தேய்ந்த ஒரு போல்ட்டைப் பார்க்கும்போது, பத்துக்கு எட்டு முறை இதே கதைதான் அங்கும் நடந்திருக்கும். போல்ட் தேய்ந்ததால் ஆட்டம் வந்தது என்று நினைக்கிறோம். உண்மையில் முதலில் இறுக்கம் போயிருக்கும், அதனால் ஆட்டம் வந்திருக்கும், ஆடி ஆடியே போல்ட் தேய்ந்திருக்கும். இந்த வரிசை புரியாமல் போல்ட்டை மட்டும் மாற்றினால், லாரிக்காரருக்கு நடந்தது நமக்கும் நடக்கும்.

எனக்கு நடந்தது. என்னுடைய மாருதி 800, 1998-ஆம் ஆண்டு வண்டி. முன்பக்கம் இடதுபுறத்தில் "டக்" என்று ஒரு சத்தம். பிரேக்கை மிதிக்கும்போது ஒரு தடவை, விட்டுவிட்டு ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது இன்னொரு தடவை. ரிவர்ஸ் எடுத்துவிட்டு முன்னால் நகர்ந்தாலும் வரும். ஒரு பட்டறையில் ஸ்ட்ரட்டை, அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூணை, மாற்றினார்கள். சத்தம் போகவில்லை. அடுத்த முறை ஸ்டீரிங் ராக்கைச் சந்தேகப்பட்டார்கள். கடைசியில், சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கும் கையான லோயர் ஆர்மை உடலோடு சேர்க்கும் உள்பக்க போல்ட்டைக் கழற்றிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. போல்ட்டின் வழவழப்பான கழுத்தில், ஆர்மின் முனையை இருபுறமும் பிடிக்கும் பிராக்கெட்டின் தகடு உட்காரும் இடத்தில், நகம் தட்டுகிற அளவுக்கு ஒரு படி விழுந்திருந்தது.

மாருதி 800-இன் முன் சஸ்பென்ஷன் மிக எளிய அமைப்பு. மேலே ஸ்ட்ரட், கீழே ஒரு லோயர் ஆர்ம், அந்த ஆர்மின் முனைக்குள் நுழைந்து நிற்கும் ஸ்டெபிலைசர் பார். திருப்பங்களில் வண்டி சாயாமல் பார்த்துக்கொள்வதோடு, லோயர் ஆர்ம் முன்னும் பின்னும் நகராமல் பிடித்துக்கொள்ளும் வேலையும் அந்த பாருக்கு உண்டு. ஆகவே அதைப் பிடித்திருக்கும் ரப்பர் உருளையான ஸ்டெபிலைசர் புஷ் தேய்ந்தாலும் பிரேக் அடிக்கும்போது ஏறக்குறைய இதே சத்தம் வரும். என் வண்டியில் அந்தப் புஷ்களைப் புதிதாக மாற்றியிருந்ததால்தான் யாரும் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. புஷ் புதிது, ஆனால் அதை அடுத்திருந்த போல்ட் 1998-இல் தொழிற்சாலையில் போட்டது.

சரி, ஒரு போல்ட் எப்படி வேலை செய்கிறது? நம்மில் பலர் அதை ஓர் ஆணியைப் போல நினைத்துக்கொள்கிறோம். இரண்டு ஓட்டைகள் வழியாக ஓர் இரும்புக் குச்சி போகிறது, அது குறுக்கே நின்று தாங்குகிறது என்று. சஸ்பென்ஷன் போல்ட் அப்படி வேலை செய்வதில்லை. அது ஒரு விறைப்பான ஸ்பிரிங். நட்டை இறுக்கும்போது போல்ட் மெல்ல நீள்கிறது. நீண்டது பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கிறது. அந்த இழுப்புதான் ஆர்மின் முனையில் இருக்கும் ரப்பர் புஷ்ஷின் இரும்பு உள்குழாயைப் பிராக்கெட்டின் இரண்டு தகடுகளுக்கு நடுவே நசுக்கிப் பிடிக்கிறது.

எவ்வளவு இழுப்பு என்று கணக்குப் போட்டால் வியப்பாக இருக்கும். 8.8 தரமுள்ள 12 மில்லிமீட்டர் போல்ட்டை 85, 90 நியூட்டன் மீட்டர் முறுக்கில் இறுக்கினால், அதாவது ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் 9 கிலோ எடையைத் தொங்கவிட்ட அளவுக்கு இறுக்கினால், அது தரும் பிடி ஏறத்தாழ மூன்றரை டன். மாருதி 800-இன் எடையே சுமார் 650 கிலோதான். ஐந்து கார்களை ஒன்றின் மேல் ஒன்றாக அந்தப் புஷ் குழாயின் மேல் அடுக்கி வைத்தாற்போன்ற அழுத்தம். அந்த அழுத்தத்தில், உலோகமும் உலோகமும் தொடும் இரண்டு பக்கமும் சேர்த்து, ஏறத்தாழ ஒரு டன் இழுவை வரை உராய்வே தாங்கிவிடும். சாதாரண ஓட்டத்தில் அவ்வளவு விசை அந்த இடத்துக்கு வராது. ஆகவே பிராக்கெட்டில் உள்ள ஓட்டை போல்ட்டைவிடச் சற்றே பெரிதாக இருந்தாலும் பாதகமில்லை. போல்ட்டின் கழுத்து அந்த ஓட்டையின் விளிம்பில் உரசுவதே இல்லை.

கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 60 மில்லிமீட்டர் நீளமுள்ள பிடியில், அந்த மூன்றரை டன்னுக்காக போல்ட் எவ்வளவு நீள்கிறது? பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டரை ஒட்டித்தான். ஓர் ஏ4 தாளின் கனம். மூன்றரை டன் பிடி முழுவதும் அந்த ஒரு தாள் கனத்தை நம்பி நிற்கிறது. போல்ட் தலைக்கு அடியில் ஒரு முகம், நட்டுக்கு அடியில் ஒரு முகம், புஷ் குழாயின் இரு முனைகளில் இரண்டு முகங்கள் என்று நான்கு இடங்களில் உலோகம் உலோகத்தைத் தொடுகிறது. ஒவ்வோர் இடத்திலும் துருவோ பெயின்ட்டோ மண்ணோ நசுங்கி நூறில் ஒரு மில்லிமீட்டர் தாழ்ந்தால்கூட, மொத்தத்தில் 0.04 மில்லிமீட்டர் போய்விடுகிறது. கிட்டத்தட்ட 40 சதவீதப் பிடி போய்விடுகிறது. நட்டு ஒரு துளிகூடச் சுற்றியிருக்காது. ஸ்பேனர் வைத்துப் பார்த்தால் "டைட்டாத்தானே இருக்கு" என்றுதான் தோன்றும்.

பழைய காரை ஆசையாகப் புதுப்பிப்பவர்கள் அடியில் எல்லாம் சுரண்டி, பிராக்கெட்டின் உள்முகம் உட்பட அழகாகக் கருப்புப் பெயின்ட் அடித்துவிடுகிறார்கள். பெயின்ட் பூச்சு 0.05 மில்லிமீட்டருக்கும் மேல் இருக்கும். அதன் மேலேயே போல்ட்டை இறுக்கினால், சில வாரங்களில் பெயின்ட் நசுங்கி வெளியேறிவிடும். கூடவே இறுக்கமும். புஷ் குழாயும் வாஷரும் உட்காரும் இடங்களில் மட்டும் பெயின்ட்டை நீக்கிப் பளிச்சென்ற உலோகத்தைக் கொண்டுவந்த பிறகே இறுக்க வேண்டும்.

இறுக்கம் குறைந்ததும் அடுத்த கட்டம் தொடங்குகிறது. ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969-இல் இதை ஆய்வுக்கூடத்தில் காட்டினார். போல்ட்டை அதன் நீளவாக்கில் எவ்வளவு குலுக்கினாலும் அது அவ்வளவு எளிதில் கழல்வதில்லை. ஆனால் இறுக்கப்பட்ட இரண்டு பாகங்களும் ஒன்றின் மேல் ஒன்று பக்கவாட்டில் வழுக்கத் தொடங்கினால், சிறிது நேரத்திலேயே நட்டு தானாகச் சுற்றிக் கழன்றுவிடுகிறது. சஸ்பென்ஷனுக்கு வரும் விசை பெரும்பாலும் பக்கவாட்டு விசைதான். சுருள் வாஷர், அதாவது நாம் ஸ்பிரிங் வாஷர் என்கிறோமே, அது இதைத் தடுக்கும் என்ற நம்பிக்கை நம் பட்டறைகளில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. முழுதாக இறுகிய பிறகு அது வெறும் தட்டை வாஷராகத்தான் நிற்கிறது. நாசா 1990-இல் வெளியிட்ட போல்ட் வடிவமைப்புக் கையேடும் இதையே சொல்கிறது. நைலான் வளையம் வைத்த நட்டு, குறுக்குத் துளையில் காட்டர் பின் என்ற கம்பி முள் போட்ட நட்டு ஆகியவை முழுதாகக் கழன்று விழாமல் தடுக்கும். அது பெரிய உதவிதான். ஆனால் போன பிடியை அவையும் திருப்பித் தராது.

வழுக்கல் தொடங்கியதும் போல்ட் உண்மையிலேயே ஆணியாக மாறிவிடுகிறது. கழுத்து ஓட்டையின் விளிம்பில் உரசுகிறது. உரசலில் உதிரும் இரும்புத் தூள் உடனே துருவாகி, செந்நிறப் பொடியாக போல்ட் தலையைச் சுற்றிக் கசியும். மழை பெய்தால் அது கண்ணீர்க் கோடு போலக் கீழே வழிந்து காயும். சந்தேகப்பட வேண்டிய போல்ட் எது என்பதை இவ்வளவு தெளிவாகச் சொல்லும் அடையாளம் வேறில்லை. உரசல் கழுத்தைத் தின்னும், அதோடு பிராக்கெட்டின் வட்ட ஓட்டையை முட்டை வடிவமாக்கும். இன்னொரு ஆபத்தும் உண்டு. நன்றாக இறுகிய போல்ட்டுக்கு வண்டி குலுங்குவது அவ்வளவாகத் தெரியாது. வெளியிலிருந்து வரும் விசையில் சிறு பங்கு மட்டுமே அதைத் தொடும். தளர்ந்த போல்ட்டுக்கு ஒவ்வொரு குலுக்கலும் முழு அடி. லட்சக்கணக்கான அடிகளுக்குப் பிறகு மரையின் அடியில் ஒரு மயிரிழை விரிசல் தொடங்கி, ஒருநாள் அறுந்துவிடும். அறுந்த முகத்தைக் கூர்ந்து பார்த்தால், கடற்கரை மணலில் அலை விட்டுப்போன வரிகளைப் போல வளைவுக் கோடுகள் தெரியும். திடீர் அடியில் ஒடிந்த போல்ட்டில் அந்த வரிகள் இருக்காது. அப்படிக் கோடுகள் தெரிந்தால் அது மாதக்கணக்கில் அறுந்துகொண்டிருந்தது என்று பொருள்.

இனிப் பார்ப்பது எப்படி என்பதற்கு வருகிறேன். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது. ஸ்டாண்ட் வைத்தாக வேண்டும், எதிர்ப்பக்கச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். ஸ்டெப்னி சக்கரத்தை உடலுக்கு அடியில் கூடுதலாகப் படுக்க வைப்பது என் வழக்கம். இந்த விஷயத்தில் நான் யாரிடமும் சமரசம் செய்துகொள்வதில்லை.

சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பேரிங்கோ, ஆர்மைச் சக்கரத்தோடு சேர்க்கும் உருண்டை மூட்டான பால் ஜாயின்ட்டோ பேசும். இருபக்கமும் பிடித்து ஆட்டினால் ஸ்டீரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டை ராட் பேசும். இது எல்லோருக்கும் தெரிந்ததே. போல்ட்டின் ஆட்டம் பெரும்பாலும் இதில் சிக்காது. சக்கரம் தொங்கும்போது ஆர்ம் ஒரே பக்கம் சாய்ந்து நிற்பதால் இடைவெளி மறைந்துகொள்ளும். அதற்கு வண்டி நான்கு சக்கரத்திலும் நின்றபடி இருக்க, ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை அழுத்திக்கொள்ள, இன்னொருவர் வண்டியை முன்னும் பின்னும் தள்ள வேண்டும். மூன்றாமவர் பக்கத்திலிருந்து கையை நீட்டி, போல்ட் தலையும் பிராக்கெட்டும் சேரும் இடத்தில் விரல் நுனியை வைத்துப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும். ரப்பர் நெளிவது வேறு, இரும்பு தட்டுவது வேறு. முதலாவது மெத்தென்று இருக்கும், இரண்டாவது சுண்டியது போல இருக்கும். வாஷரைச் சுற்றிப் பளபளவென்று தேய்ந்த பிறை தெரிந்தால் அந்த வாஷர் நகர்ந்திருக்கிறது. அதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

சந்தேகமுள்ள போல்ட்டைக் கழற்றாமல் வெறுமனே இன்னும் ஒரு சுற்று இறுக்கிவிடுவது பலர் செய்யும் வேலை. சத்தம் சில வாரம் நிற்கும். கழுத்து ஏற்கெனவே தேய்ந்திருந்தால், ஓட்டை முட்டையாகியிருந்தால், அந்த இறுக்கம் நிலைக்காது. கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

கழற்றுவதே பாதி வேலை. நம் ஊரில் இரண்டு விஷயங்கள் இதைக் கடினமாக்குகின்றன. ஒன்று கடல் காற்று. இன்னொன்று தேங்கும் மழைநீர். 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் நின்ற சென்னை வண்டிகளை நினைத்துப் பாருங்கள். புஷ்ஷின் உள்குழாய்க்கும் போல்ட் கழுத்துக்கும் நடுவில் புகுந்த தண்ணீர் வெளியே வர வழியே இல்லை. அங்கேயே துருவாகி இரண்டையும் ஒட்ட வைத்துவிடும். நட்டு கழன்றுவிடும், ஆனால் போல்ட் வெளியே வராது. தலையைத் திருப்பினால் கொஞ்சம் சுற்றிவிட்டு, கையை எடுத்ததும் பழைய இடத்துக்கே துள்ளித் திரும்பும். அப்படித் துள்ளினால் போல்ட் குழாயோடு ஒட்டியிருக்கிறது, சுற்றுவது ரப்பர்தான் என்று புரிந்துகொள்ள வேண்டும். இன்னும் வலுவாகத் திருப்பினால் ரப்பர் கிழியும், போல்ட் வராது. இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஊற வைப்பது நல்லது. நட்டின் முகமும் மரையின் நுனியும் சமமாக இருக்கும்படி நட்டைத் திருப்பி மாட்டிவிட்டு அதன் மேல் அடித்தால் மரை கெடாது. கேஸ் வைத்துச் சூடாக்கினால் போல்ட் இளகும், புஷ் எரியும். எப்படியும் புஷ்ஷை மாற்றப்போகிறோம் என்றால்தான் அதைச் செய்யலாம். அதிலும் பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் எங்கே போகின்றன என்று பார்த்த பிறகே. கடைசி வழி, குழாய்க்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே ரம்பத் தகட்டை நுழைத்து போல்ட்டை இரண்டு பக்கமும் அறுத்து எடுப்பது. நேரம் எடுக்கும், ஆனால் பிராக்கெட் தப்பிக்கும்.

வெளியே வந்த போல்ட்டைத் துடைத்துவிட்டு நகத்தை நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள். எங்காவது தட்டினால் அது படி. வெர்னியர் இருந்தால் தேயாத இடத்தையும் தேய்ந்த இடத்தையும் அளந்து ஒப்பிடலாம். பத்தில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலும் நான் அதைத் திரும்பப் போட மாட்டேன். கண்ணாடி மேல் உருட்டினால் வளைவு தெரியும். புது நட்டு ஒன்றைக் கையால் சுற்றிப் பாருங்கள். முதலில் எளிதாகப் போய் நடுவில் முரண்டு பிடித்தால், மரை நீண்டிருக்கிறது, யாரோ ஒரு முறை அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார்கள். பிறகு டார்ச்சை வைத்துப் பிராக்கெட் ஓட்டையைப் பார்க்க வேண்டும். ஓட்டை முட்டையாக இருந்தால் புது போல்ட் மட்டும் போதாது. கனமான தகடு வாஷரைச் சரியான இடத்தில் வைத்து வெல்டிங் செய்ய வேண்டியிருக்கும். அந்த இடம்தான் சக்கரத்தின் கோணத்தையே தீர்மானிக்கிறது என்பதால், அனுபவமுள்ள கை வேண்டும்.

சக்கரப் பக்கத்தில் இருக்கும் பால் ஜாயின்ட் போல்ட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். பல கார்களில் பால் ஜாயின்ட்டின் தண்டு, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளில் உள்ள பிளந்த துளைக்குள் நுழைந்திருக்கும். ஒரு போல்ட் குறுக்கே போய் அந்தப் பிளவை இறுக்கும். தண்டில் வெட்டியிருக்கும் பள்ளத்துக்குள்ளும் அதுவே உட்கார்ந்திருக்கும். இந்த போல்ட் விழுந்தால் ஆர்ம் கீழே, சக்கரம் வெளியே. தண்டை எடுக்க உளியை அடித்துப் பிளவை அளவுக்கு மீறி விரித்துவிட்டால், அப்புறம் எவ்வளவு இறுக்கினாலும் பிடி கிடைக்காது. போல்ட்டின் இழுப்பு முழுவதும் விரிந்த பிளவை மூடுவதிலேயே செலவாகிவிடும்.

புது போல்ட் வாங்குவதில்தான் அதிகம் ஏமாறுகிறோம். ஹார்டுவேர் கடையில் "ஹைடென்சில்" என்று கேட்டால் கறுப்பாக எதையோ எடுத்துத் தருவார்கள். கறுப்பு நிறம் எதையும் சொல்லாது. தலையில் தயாரிப்பாளர் முத்திரையும் 8.8 அல்லது 10.9 என்ற எண்ணும் இருக்க வேண்டும். 8.8 என்றால், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் வரை அறுகாமல் தாங்கும், அதில் 80 சதவீதம் வரை இழுத்தாலும் பழைய நீளத்துக்குத் திரும்பிவிடும் என்று பொருள். 10.9 என்றால் 1,000 நியூட்டன், 90 சதவீதம். சென்னை பாடியில் தொடங்கிய சுந்தரம் ஃபாஸ்டெனர்ஸ் போன்ற நிறுவனங்கள் இங்கேயே தரமான போல்ட்டுகளைச் செய்கின்றன. நமக்கு நல்ல போல்ட் கிடைப்பதில் பஞ்சமில்லை, கேட்டு வாங்குவதில்தான் பஞ்சம்.

எண் பெரிதாக இருந்தால் நல்லது என்று 12.9-ஐத் தேடுவதும் சரியல்ல. அவ்வளவு கடினமான எஃகு, ஈரமும் துருவும் படும் இடத்தில் ஹைட்ரஜன் புகுந்து முன்னறிவிப்பின்றி ஒடியும் தன்மை கொண்டது. எந்தத் தரத்தைத் தொழிற்சாலை போட்டதோ அதையே போட வேண்டும். பளபளப்புக்காக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஏ2-70 வகை ஸ்டெயின்லெஸ் 8.8-ஐவிட வலுக்குறைவு. 8.8 போல்ட் 640 நியூட்டன் வரை திரும்பிவரும் என்றால், இது 450-லேயே நீண்டுவிடும். துரு பிடிக்காது, பிடியும் நிற்காது.

மரை இன்னொரு பொறி. ஜப்பானிய வம்சத்து வண்டிகளில் 12 மில்லிமீட்டர் போல்ட்டுக்குப் பெரும்பாலும் 1.25 மில்லிமீட்டர் நெருக்கமான மரை. ஹார்டுவேர் கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 1.75. அம்பாசிடர், 1961 முதல் சென்னையில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற பிரிட்டிஷ் வம்சத்து வண்டிகளில் அங்குல அளவு. அங்கே அரை அங்குல போல்ட் 12.7 மில்லிமீட்டர். அது கிடைக்காமல் 12 மில்லிமீட்டர் போல்ட்டைப் போட்டு ஓட்டும் பழைய கார்கள் நிறைய உண்டு. ஓட்டைக்குள் 0.7 மில்லிமீட்டர் காலி இடம். இறுக்கம் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. குறைந்த அன்று, அந்த இடைவெளி முழுவதும் ஆர்ம் அடித்துக்கொள்ளும். ஹெரால்டில் சக்கரத் தண்டு சுழலும் அடிமூட்டான கீழ் ட்ரன்னியனின் போல்ட்டை மாற்றுபவர்கள் ட்ரன்னியனுக்கு கிரீஸ் அடிக்காமல் கியர் எண்ணெய் விட வேண்டும் என்பதையும் நினைவில் வைக்கட்டும். எண்ணெய் இல்லாமல் உள்ளே துருப்பிடித்தால் அங்கே ஒடிவது போல்ட் அல்ல, சக்கரத்தைத் தாங்கும் தண்டே.

நீளத்தையும் பார்க்க வேண்டும். தலை முதல் நுனி வரை மரை போட்ட போல்ட் சஸ்பென்ஷனுக்கு ஆகாது. மரையின் கூர் விளிம்புகள் பிராக்கெட் ஓட்டையில் அரம் போல வேலை செய்யும். தகடு உட்காரும் இரண்டு இடங்களிலும், கட்டமைப்பு அனுமதிக்கும்வரை, வழவழப்பான கழுத்தே வர வேண்டும். சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் பழைய வண்டியிலிருந்து எடுத்த போல்ட் கிடைக்கும், விலையும் குறைவு. மற்ற எத்தனையோ பாகங்களை நான் அங்கே வாங்கியிருக்கிறேன். இதை மட்டும் வாங்க மாட்டேன், அதன் கழுத்து எத்தனை அடி வாங்கியது என்று வெளியே தெரியாது.

மாட்டுவதில் ஒரே ஒரு விதியை மட்டும் நினைவில் வைத்தால் போதும் என்று யாராவது கேட்டால் இதைச் சொல்வேன்: சக்கரம் தொங்கும்போது புஷ் போல்ட்டை முழுதாக இறுக்காதீர்கள். புஷ்ஷின் ரப்பர் உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்ட வைக்கப்பட்டது. போல்ட்டை இறுக்கியதும் உள்குழாய் பிராக்கெட்டோடு பூட்டிக்கொள்ளும். அதற்கு மேல் ஆர்ம் மேலும் கீழும் அசைவது ரப்பர் முறுக்கிக்கொள்வதால்தான், குழாய் சுற்றுவதால் அல்ல. ஜாக்கியில் தூக்கி, ஆர்ம் கீழே தொங்கும்போது இறுக்கினால், ரப்பர் அந்தத் தொங்கும் நிலையைத்தான் தன் இயல்பான நிலை என்று வைத்துக்கொள்ளும். வண்டியை இறக்கியதும், சும்மா நிற்கும்போதே அது முறுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பள்ளத்திலும் அதற்கு மேல் முறுக்கம். சில மாதங்களில் கிழிந்துவிடும். என் வண்டியில் முதல் முறை போட்ட புஷ்கள் அப்படித்தான் ஒரு மழைக்காலம்கூடத் தாண்டாமல் போயின. போட்டவர் கைத்திறன் உள்ளவர்தான். இந்த ஒரு விஷயத்தை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நட்டைக் கையளவு மாட்டிவிட்டு, வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, இரண்டு முறை அழுத்திக் குலுக்கிவிட்டு, அதன் பிறகே முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் ரென்ச்சை எடுக்க வேண்டும். கை நுழையாது என்றால், லோயர் ஆர்மின் வெளிமுனைக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, வண்டி நிற்கும்போது இருக்கும் உயரத்துக்குத் தூக்கி இறுக்கலாம்.

டார்க் ரென்ச்சின் கணக்கில் ஒரு நுணுக்கம். நாம் கொடுக்கும் முறுக்கில் பாதியைத் தலைக்கு அடியில் உள்ள உராய்வு தின்னும், நாற்பது சதவீதத்தை மரையின் உராய்வு தின்னும். மிச்சம் பத்து சதவீதம்தான் போல்ட்டை நீட்டுகிறது. ஆகவே உராய்வைக் கொஞ்சம் மாற்றினாலும் இழுப்பு நிறைய மாறும். வண்டியின் கையேடு சொல்லும் அளவு பொதுவாக உலர்ந்த, சுத்தமான மரைக்கானது. மரையில் எண்ணெய் தடவிவிட்டு அதே அளவில் இறுக்கினால் போல்ட் தேவைக்கு மேல் நீண்டுவிடும். துருவோடு இறுக்கினால் ரென்ச் "கிளிக்" என்று சொல்லும், போல்ட் பாதிகூட நீண்டிருக்காது. துரு ஒட்டாமல் இருக்கக் கழுத்துக்கும் குழாயின் உள்பக்கத்துக்கும் மட்டும் மெல்லிய கிரீஸ் பூச்சு கொடுங்கள், மரையில் படாமல். காட்டர் பின் உள்ள நட்டில் துளை நேராக வரவில்லை என்றால் அடுத்த துளை வரை இறுக்க வேண்டும், ஒருபோதும் பின்னால் தளர்த்தக் கூடாது. நைலான் நட்டு ஒரு முறைக்குத்தான்.

எல்லாம் முடிந்ததும் வெள்ளை பெயின்ட்டால் போல்ட் தலையிலிருந்து பிராக்கெட் வரைக்கும், மறுபக்கம் நட்டிலிருந்து பிராக்கெட் வரைக்கும் ஒரு நேர்க்கோடு இழுத்துவிடுங்கள். ஒரு வாரம், நூறு இருநூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு முகங்கள் ஒன்றோடொன்று படிந்திருக்கும். அப்போது ஒரு முறை ரென்ச் வைத்துப் பார்த்துவிட்டு, வீல் அலைன்மென்ட்டுக்குக் கொண்டுபோகலாம். கோடு கோணினால் நட்டு சுற்றியிருக்கிறது. கோடு நேராகவே இருந்து, தலைக்கு அடியில் செந்நிறப் பொடி தெரிந்தால், நட்டு சுற்றாமலே பிடி போயிருக்கிறது. இரண்டில் இதுதான் கண்ணில் படாமல் தப்பிவிடும். என் வண்டியின் இடதுபக்கக் கோடு இரண்டு மழைக்காலம் தாண்டி நேராக இருக்கிறது, அடியில் பொடியும் இல்லை. வலதுபக்கம் இன்னும் 1998 போல்ட்தான். இந்த ஞாயிறு அதைக் கழற்ற எண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன்.